பதினொரு காயின் போணி

கோகிலவாணி தன் அப்பாவோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. வீடு ஒன்றுதான். நாமக்கல்லில் மோகனூர் ரோட்டைப் பார்த்த வீடு. கீழே அப்பா பெரியசாமியும் அம்மா பெருமாயியும் இருந்தார்கள். மாடியில் அவளும் மூன்று கம்ப்யூட்டர்களும். சோற்றுக்கு இறங்கி வருவாள், தின்பாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஏறிப் போய்விடுவாள். கூடத்தில் அவர் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டாலே அவளுக்கு உச்சந்தலை வரை எரியும். நடுவில் பெருமாயி இருவருக்கும் தூது போய்ப் போய் அலுத்துவிட்டாள்.

எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெரியசாமி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். அதைவிட அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவருடைய கை. கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும். புது லாரி ரோட்டில் இறங்கினாலும், போர்வெல் போடும் ரிக் வண்டி வெளிமாநிலம் கிளம்பினாலும், முட்டைக் கடை திறந்தாலும் பெரியசாமியைக் கூப்பிட்டு அவர் கையால் முதல் காசு வாங்கிக்கொள்வார்கள். பதினொரு ரூபாய் கொடுப்பார். வாங்கியவர் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டுக்கொள்வார். பதிலுக்கு வெற்றிலை பாக்கு, வசதிப்பட்டால் ஒரு வேட்டி. போணி பண்ணியவரை வெறுங்கையோடு அனுப்பினால் வந்த ராசி அவரோடேயே திரும்பிப் போய்விடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அப்பேர்ப்பட்ட கையை வைத்துக்கொண்டுதான் மனுஷன் நாற்பத்து மூன்று பேரைப் 'பொன்னூற்று காயின்' என்ற டிஜிட்டல் காசுப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஜெகதீஸ்வரன் கொண்டுவந்த திட்டம் அது. தூரத்து உறவு, மாமா என்றுதான் கூப்பிடுவான். "மேல இருக்கறது வெளிநாட்டுக் கம்பெனிங் மாமா, நான் சும்மா சொல்லிக்குடுக்கற ஆளு" என்று ஒவ்வொருவர் ஃபோனிலும் காயின் போட்டு வைக்க ஒரு வாலட்டைத் திறந்து கொடுத்தான். பெரியசாமி சேர்ந்ததே போதும், கைராசிக்காரரே போட்டிருக்கிறார் என்று கோழிப்பண்ணைக்காரர்களும் டிரைவர்களும் அவர் பின்னால் சேர்ந்தார்கள். பெங்களூரிலிருந்து கோகிலவாணி ஃபோனில் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "உனக்குப் படிப்புத் தெரியும், எனக்குச் சனத்தத் தெரியும்" என்று அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

பதினான்காம் மாதம் அந்த வாலட் ஆப் திறக்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனியை யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அடுத்த வாரமே ஜெகதீஸ்வரன் "நானும் ஏமாந்தவந்தானுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்டோர் நலச்சங்கம் தொடங்கி, அதற்குத் தலைவராகவும் ஆனான். வெட்கம் கெட்டவனுக்குப் பதவி தேடி வருகிறது. பெரியசாமியிடம் மட்டும் தனியாக வந்து, "மாமா, நீங்க சங்கத்துப் பக்கம் வராதீங்க. சனம் உங்க மேலதான் கோவமா இருக்குது. ஊட்டுலயே இருங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். அவரும் கேட்டுக்கொண்டார்.

சனம் வீட்டுக்கே வந்தது. சேந்தமங்கலத்து அங்கம்மாள், புருஷன் விபத்தில் செத்ததற்கு வந்த பணத்தைப் போட்டவள், ஒரு செவ்வாய்க்கிழமை வாசலில் நின்று மூன்று பிடி மண்ணை வாரித் தூற்றினாள். அன்றைக்கு லீவில் வந்திருந்த கோகிலவாணி அதைக் கதவிடுக்கில் பார்த்தாள். அப்பா வெளியே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அந்த இருப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பணத்தை எடுத்தவர் மாதிரியே உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தாள். அன்றோடு பேச்சை நிறுத்தினாள். வேலையை விட்டுவிட்டு மாடிக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் ஏழு வருஷம் பெங்களூரில் டேட்டாபேஸ் எழுதும் கம்பெனியில் இருந்தவள். காயின் போக்குவரத்தெல்லாம் பதிவாகும் பொதுப் பேரேடான பிளாக்செயின் அவளுக்குப் புதிதில்லை. எந்த வாலட் முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எத்தனை காயின் எந்த நொடியில் போனது என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். முகவரிக்குப் பின்னால் இருக்கும் ஆளின் பெயர் மட்டும் அதில் இருக்காது. ஹேக் என்று சொல்லிவிட்டால் சனம் நம்பிவிடும் என்று நினைத்தவனை அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டே போய்ச் சட்டையைப் பிடிப்பது என்று முடிவு பண்ணினாள்.

முகவரிகளைப் புள்ளிகளாகவும் அனுப்பியவற்றைக் கோடுகளாகவும் வைத்துத் தேட, கடையில் கிடைக்கும் கிராஃப் டேட்டாபேஸ் இரண்டைப் போட்டுப் பார்த்தாள். காயின் வாங்கி விற்கும் பெரிய எக்ஸ்சேஞ்சின் முகவரி ஒன்றைத் தொட்டதுமே, அதிலிருந்து பிரியும் கோடிக்கணக்கான கோடுகளில் மாட்டி இரண்டும் படுத்துவிட்டன. சனியன்களா என்று தள்ளிவிட்டுச் சொந்தமாகவே ஒன்றைக் கட்ட உட்கார்ந்தாள். மற்றவர்கள் கோபம் வந்தால் சாமானை உடைப்பார்கள். இவள் கட்டினாள்.

நீண்ட முகவரிகளையெல்லாம் சின்ன எண்களாக மாற்றினாள். ஒரு முகவரிக்கு வந்ததும் போனதும் டிஸ்கில் ஒரே இடத்தில், நேர வரிசையில் அடுக்கி இருக்கும்படி அமைத்தாள். செவ்வாய்க்கிழமை வந்த காசு திங்கட்கிழமை போயிருக்க முடியாது. ஆகவே தேடல் எப்போதும் நேரத்தில் முன்னோக்கியே நடக்கும் என்று விதி வைத்தாள். அதிலேயே பாதிப் பாரம் குறைந்தது. எக்ஸ்சேஞ்ச் மாதிரி எல்லோரும் வந்து போகிற இடங்களுக்குச் சந்தை என்று குறி போட்டு, தேடல் அங்கே போனதும் நின்றுகொள்ளச் சொன்னாள். எல்லாவற்றையும்விட அவள் பெருமைப்பட்ட ஒன்று உண்டு. இந்த டேட்டாபேஸில் எழுதலாம், அழிக்க முடியாது. தப்பாக எழுதினாலும், திருத்தம் அடுத்த பதிவாகத்தான் சேரும். பழையது அப்படியே இருக்கும். ஒவ்வொரு நாளும் முடியும்போது அதுவரை எழுதியதற்கு ஒரு முத்திரை எண் விழும். பின்னால் யாராவது ஒரு எழுத்தைத் தொட்டால் முத்திரை பொருந்தாது. நாளைக்குக் கோர்ட்டில் எவனும், இந்தப் பெண் மாற்றிவிட்டாள் என்று வாயைத் திறக்கக் கூடாது.

கேஸைக் கையில் எடுத்த சைபர் கிரைம் எஸ்.ஐ. அறிவுச்செல்விக்கு அந்த முத்திரைதான் பிடித்திருந்தது. ஆத்தூர் பக்கத்துப் பெண், கறார். "நீ ஆதாரம் கொடு, நான் ஆளைத் தூக்குறேன்" என்று சொல்லிவிட்டாள். பாதிக்கப்பட்டவர்களின் வாலட் முகவரிப் பட்டியலைச் சங்கத்திலிருந்து வாங்கியும் கொடுத்தாள். அதை வைத்துக் கோகிலவாணி ஆறு மாதம் கோடு பிடித்தாள். நாற்பது சொச்சம் வாலட்டிலிருந்து கிளம்பிய காயின்கள் முந்நூறு முகவரிகளில் பிரிந்து, கலந்து, சுற்றி, கடைசியில் நான்கு வாலட்டுகளில் வந்து விழுந்திருந்தன. ஹேக்காவது மண்ணாங்கட்டியாவது.

இனி அந்த நான்கும் யாருடையவை என்று தெரிய வேண்டும். இந்தத் தொழிலில் அதற்கு ஒரு விதி இருக்கிறது. புதிதாகத் திறந்த வாலட்டிலிருந்து எதையும் அனுப்ப வேண்டுமானால் கட்டணத்துக்குக் கொஞ்சம் காயின் உள்ளே இருக்க வேண்டும். அந்த முதல் காயினைப் போட்டவன்தான் பெரும்பாலும் வாலட்டுக்குச் சொந்தக்காரன். கோகிலவாணி அந்த விதியையும் டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தாள். ஓட்டினாள். நான்கு வாலட்டிலும் முதலில் பதினொரு காயின் வந்திருந்தது. நான்கு தடவையும் ஒரே முகவரியிலிருந்து. சங்கத்துப் பட்டியலில் இல்லாத முகவரி.

மாட்டினாயா என்று மேஜையில் குத்தினாள். உரிமையாளர் இந்த முகவரிக்காரர் என்று அறிக்கை எடுத்தாள், முத்திரை போட்டாள், அறிவுச்செல்விக்கு அனுப்பினாள். அறிவுச்செல்வி எக்ஸ்சேஞ்சுக்கு எழுதி, அந்த முகவரிக்குப் பின்னால் இருக்கும் பெயரைக் கேட்டு வாங்க ஒன்பது நாள் ஆனது.

பத்தாம் நாள் காலையில் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. கோகிலவாணி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். தன்னிடம் நல்ல சேதி சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தாள். அறிவுச்செல்வி அவள் முகத்தைப் பார்க்காமல் கூடத்துக்குள் பார்த்து, "பெரியசாமி, தகப்பனார் பேர் வீரன்... நீங்கதானே?" என்றாள்.

"ஆமாங்க" என்று எழுந்து நின்றார் பெரியசாமி. சட்டை மாட்டிக்கொண்டு வர நேரம் கேட்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

ஜீப் போன பிறகு பெருமாயி மகளிடம் திரும்பினாள். அவ்வளவு கோபத்தில் அம்மாவைக் கோகிலவாணி பார்த்ததே இல்லை. "உன்ற மிசினு புடிச்சுக் குடுத்த திருடன் உங்கொப்பனாடி? இதுக்குத்தான் ஆறு மாசம் ராப்பகலா ஒக்காந்திருந்தயா?"

கோகிலவாணி மாடிக்கு ஏறிப் போய் அறிக்கையைத் திறந்து வைத்தாள். வந்தது பயம் என்று சொன்னால் பொய். கோபம்தான். எடுத்தே இருக்கிறார், நான் நினைத்தது சரிதான் என்று ஒரு பக்கம் நெஞ்சு கொதித்தது; இருக்காது என்று இன்னொரு பக்கம் அறுத்தது. இந்த எட்டு மாதத்தில் ஒரு நாள் கீழே வந்து, உங்கள் வாலட் முகவரி என்ன என்று கேட்டிருந்தால் அந்தப் பதினொன்றைப் பார்த்த நிமிஷமே தெரிந்திருக்கும். ஊரெல்லாம் கேட்டாள், அவரைத்தான் கேட்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரை அனுப்பி வைத்தார்கள், மறுநாளும் வரச் சொல்லி. வந்து கால் கழுவிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கோகிலவாணி லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் மடியிலேயே வைத்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது.

"இந்த நாலு வாலட்டு உங்களுதா?"

"எனக்கு இருக்கறது ஒண்ணுதேன். அதுவும் அவந்தான் தொறந்து குடுத்தான்."

"அப்பறம் எதுக்கு இதுக்கெல்லாம் பதினொரு காயின் அனுப்புனீங்க? இங்க பாருங்க, தேதி இருக்குது. வெள்ளிக்கெழம ஒம்போது இருவத்திரண்டு. இன்னொண்ணும் வெள்ளிக்கெழம. இது புதங்கெழம..."

பெரியசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அது போணி, சாமி."

"என்னது?"

"புதுசா ஒரு வேல ஆரம்பிக்கறனுங் மாமா, உங்க கையால மொதக் காயினப் போட்டு உடுங்கன்னு ஜெகதீசு கேட்டான். நல்ல நேரம் பாத்து நாலு தடவ கூப்ட்டான். போட்டு உட்டேன். லாரிக்குக் குடுக்கறதில்லையா, அந்த மாதரதான்."

கோகிலவாணிக்கு வாயில் வந்ததெல்லாம் வந்தது. "திருடனுக்குப் போணி பண்ணிருக்கீங்க. ஊரு சனத்தோட காசக் கொட்டி வெக்கறதுக்கு உங்க கையால பூச போட்டுக் குடுத்திருக்கீங்க. இத ஸ்டேசன்ல சொல்றதுக்கு என்ன?"

"அவன் நெத்தியில எழுதி ஒட்டியிருந்துதா திருடன்னு? அந்தப் போலீசம்மா வாலட்டு உன்னுதா, உன்னுதான்னு கேட்டுச்சு. இல்லீங்கன்னேன். போணி பண்ணுனயான்னு யாரும் கேக்கல." பிறகு ஏதோ தன் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறவர் போல, "சும்மாவும் பண்ணல. ஒவ்வொரு தடவையும் வெத்தலபாக்குக்கு நூத்தியொண்ணு குடுத்துப்போட்டான். அதுல கொறையில்ல" என்றார்.

"கையிலயா குடுத்தான்?"

"எங்க வாரான் கையில குடுக்க. ஃபோன்லதான் போட்டு உட்டான்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினாள். பேங்க் குறுஞ்செய்திகளைக் கீழே தள்ளித் தள்ளிப் போனாள். வெள்ளிக்கிழமை ஒன்பது இருபத்தெட்டு, ஜெகதீஸ்வரனின் பேங்க் கணக்கிலிருந்து நூற்றொன்று. இன்னொரு வெள்ளி, இன்னொரு நூற்றொன்று. நான்கு வாலட், நான்கு பதினொன்று, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷத்துக்குள் ஒரு நூற்றொன்று. முந்நூறு முகவரிகளில் ஒளித்துத் திரிந்தவன், போணிக்காரரை வெறுங்கையோடு அனுப்ப மட்டும் மனசு வராமல் சொந்தப் பெயரில் வெற்றிலை பாக்கு அனுப்பியிருக்கிறான்.

ராத்திரியே அதையெல்லாம் அறிவுச்செல்விக்கு அனுப்பினாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில் சங்கக் கூட்டம். மேடையில் ஜெகதீஸ்வரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பெரியசாமியின் கைதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். கைதே ஆகவில்லை, அவன் பண்ணிவிட்டான். அங்கம்மாள் முன்வரிசையில் இருந்தாள். அறிவுச்செல்வி மப்டியில் கதவோரம் நிற்க, கோகிலவாணி நேராக நடந்து போய் மேடைக்குக் கீழே நின்றாள். திட்டத்தான் வந்திருந்தாள். ஆனால் கேட்கும்போது குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"எங்கப்பாவுக்கு நாலு தடவ நூத்தியொண்ணு போட்டு உட்டிருக்கீங்க. அது எதுக்குங்க?"

அவன் சிரித்தான். சபைக்கு முன்னால் பெரிய மனசுக்காரனாகத் தெரிய ஒரு வாய்ப்பு கிடைத்ததை விடுவானா. "மாமா இன்னைக்கு எப்பிடியிருந்தாலும், கைராசிக்காரருங்க. எந்தப் புது வேல ஆரம்பிச்சாலும் அவருதான் எனக்குப் போணி. போணி பண்ணுனவர வெறுங்கையோட அனுப்ப முடியுங்களா?"

"முடியாதுங்க" என்றாள் கோகிலவாணி. "என்னென்ன வேலைக்குன்னு நான் படிக்கறேன், சரியான்னு சொல்லுங்க." லேப்டாப்பைத் திறந்து, தேதி, நேரம், பதினொரு காயின் போன வாலட், அதில் பிற்பாடு வந்து விழுந்த தொகை, அதில் யார் யாருடையது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்றாவது வாலட்டில் அங்கம்மாளின் பெயர் வந்தது. கிழவி எழுந்து செருப்பைக் கழற்றினாள். அறிவுச்செல்வி ஓடிப் போய் அவனை மேடையிலிருந்து இறக்கியது அவன் நல்ல காலம்.

கதை அதோடு முடிந்திருந்தால் கோகிலவாணியும் மாடியிலிருந்து இறங்கியிருப்பாள். அவளுக்கு ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. டேட்டாபேஸில் முதல் அறிக்கை கிடந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அப்பாவின் முகவரி. இணைப்பில் போலீஸ் சேர்த்த பெயர், பெரியசாமி, த/பெ வீரன். திருத்தம் அடுத்த பதிவாகச் சேர்ந்துவிட்டது. ஆனால் பழையது இருக்கிறது. அதை அழிக்க வேண்டும் என்று அறிவுச்செல்வியிடம் போய் நின்றாள்.

"ஒரு எழுத்தைத் தொட்டா முத்திரை போயிடும்னு நீதான சொன்ன? முத்திரை போனா கேஸ் போச்சு. அவன் வெளிய வந்து திரும்பவும் சங்கம் ஆரம்பிப்பான்" என்றாள் அறிவுச்செல்வி.

"அது எங்கப்பா பேருங்க மேடம்."

"நீ எழுதினதுதான்."

வீட்டுக்கு வந்து, அழிக்க ஒரு வழியும் விடாமல் தானே எழுதிய நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு பகலெல்லாம் பார்த்தாள். எத்தனை புத்திசாலித்தனம் என்று தன் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது. கீழே பெரியசாமி சாதாரணமாகத்தான் இருந்தார். பேசினால் பதில் சொன்னார். புது ரிக் வண்டிக்குப் போணி பண்ணச் சொல்லித் திருச்செங்கோட்டிலிருந்து வண்டி முதலாளி குமாரசாமி கார் அனுப்பினபோது மட்டும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஒரு வருஷம் கழித்துப் பெரியசாமி சாட்சி சொல்லும் நாள் வந்தது. ஜெகதீஸ்வரனின் வக்கீல் எதிர்பார்த்ததைத்தான் எடுத்தார். முதல் அறிக்கையை நிதானமாக, ஒவ்வொரு வரியாகக் கோர்ட்டுக்குப் படித்துக் காட்டினார். உரிமையாளர், பெரியசாமி, தகப்பனார் பெயர் வீரன். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோகிலவாணி புடவைத் தலைப்பைக் கிழிந்துவிடும்போல் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது உங்க மகள் பண்ணின மெஷின் சொன்னது. சொந்த மகளே உங்களைத் திருடன்னு எழுதியிருக்காங்க. மெஷின் சொன்னது பொய்யா?"

பெரியசாமி கூண்டுக் கட்டையின் மேல் வைத்திருந்த கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"மிசின் சொன்னது நெசந்தானுங்க. மொதக் காயின் போட்டது நாந்தான். எதுக்குப் போட்டேன்னு கேக்கறதுக்கு மிசினுக்குத் தெரியாதுங்க. கேக்கத் தெரிஞ்ச ஆளு மாடியிலதான் இருந்துச்சு. எட்டு மாசம் எங்கூடப் பேசலீங்க."

நீதிபதி பதிவு செய்யச் சொன்னார். தட்டச்சர் ஒரு வார்த்தை விடாமல் அதையும் அடித்துக்கொண்டார்.